அரியர் இல்லாத ஊருக்குப் போறவனுக்கு

அன்புள்ள அண்ணா,

ஈரோடு பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்சேன். சிஜிபிஏ 8.1. மேத்ஸ்ல ரெண்டு அரியர் இருந்துச்சு, ரெண்டையும் க்ளியர் பண்ணிட்டேன். இப்ப ஜெர்மனில மாஸ்டர்ஸுக்கு மூணு அட்மிட் கைல இருக்கு. முனிக்ல டியூஎம்ங்கற டெக்னிக்கல் யுனிவர்சிட்டி, ஆகன் ஊர்ல ஆர்டபிள்யூடிஎச் யுனிவர்சிட்டி, ஸ்டுட்கார்ட் யுனிவர்சிட்டில காமாஸ்ங்கற கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ் கோர்ஸ். அப்பா க்யூஎஸ்னு உலக யுனிவர்சிட்டி ரேங்கிங்க பாத்துட்டு முனிக்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறார், லோன் போட்டுக்கலாம்ங்கறார். கன்சல்டன்சில ஆகன் ஃப்ரீ, அங்க போயிடுங்கன்னு சொல்றாங்க. ஸ்டுட்கார்ட்ல கார் கம்பெனி நிறைய, வேலை ஈசியா கிடைக்கும்னு சீனியர் ஒருத்தர் சொல்றார். நீங்க அங்க படிச்சவர். எதை எடுக்கலாம்?

ம., பவானி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த நேரத்துல நான் வேற ஒரு பையனை நினைச்சு நொந்துட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச வீட்டுப் பையன், நாமக்கல் பக்கம், ஜெர்மனிலேருந்து டிகிரி இல்லாம திரும்பி வந்துட்டான். ஊர்ல விசா பிரச்சனைன்னு சொல்லி வச்சிருக்காங்க. விசாவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு பேப்பர். மூணு தடவை எழுதினான், மூணு தடவையும் போச்சு, முடிஞ்சுது. அந்த வருத்தத்துலதான் உனக்கு எழுதறேன், அதனால கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கோ.

முதல்ல காசு, சட்டுனு முடிச்சிடறேன். முனிக் டியூஎம்ல 2024 குளிர்கால செமஸ்டர்லேருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஃபீஸ் உண்டு, மாஸ்டர்ஸ்னா செமஸ்டருக்கு 4000லேருந்து 6000 யூரோ. மேல்பக்கம் வச்சுக்கிட்டா நாலு செமஸ்டருக்கு 24,000, யூரோவை நூறு ரூபாய்னு போட்டா 24 லட்சம். ரூம் வாடகை தனி, அந்த ஊர்ல ஷேர் வீட்ல ஒரு ரூமே 800 யூரோ பக்கம் போகும். நீ விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் இவ்வளவுதான் எடுக்கலாம்னு பூட்டி வச்ச கணக்குல, போடற 11,904 யூரோவைப் பன்னண்டால வகுத்தா மாசம் 992, அதுல வாடகை போக என்ன மிஞ்சும்னு நீயே பாத்துக்கோ. ஸ்டுட்கார்ட்ல செமஸ்டருக்கு 1500, அது அந்த மாநிலச் சட்டம், 2017லேருந்து இருக்கு. ஆகன்ல ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம்னு 300 யூரோ மாதிரி வரும், அதுலயே பஸ் ட்ரெயின் டிக்கெட் அடக்கம். ஆனா நில்லு. ஆகன்ல இன்டர்நேஷனல் அகாடமி நடத்துற சில இங்கிலீஷ் மாஸ்டர்ஸுக்கு ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஆயிரக்கணக்குல யூரோ ஃபீஸ் இருக்கு. உனக்கு வந்த அட்மிட் அந்த வகையா இல்லையான்னு நீ எழுதவே இல்ல, ஏன்னா நீ பாக்கவே இல்ல. கன்சல்டன்சிக்காரர் ஃப்ரீன்னா ஃப்ரீயா? அட்மிட் லெட்டர் உன் பேர்ல வந்திருக்கு, அவர் பேர்ல இல்ல. தொறந்து படிடா.

ரேங்கிங். டியூஎம் க்யூஎஸ்ல முப்பதுக்குள்ள வருது, ஆகன் நூறு பக்கத்துல நிக்குது, சரி. அந்த மார்க்ல 30 சதவீதம் உலகம் பூரா இருக்கற பேராசிரியர்கள்கிட்ட எந்த யுனிவர்சிட்டி நல்லாருக்குன்னு கேட்டு வாங்கினது, 15 சதவீதம் கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டது. உனக்கு அங்க யார் பாடம் எடுப்பாங்க, எக்ஸாம் எப்படி இருக்கும்ங்கறதுக்கு அதுல ஒரு மார்க்கும் இல்ல. ஆகன்னா யாருக்குத் தெரியும்னு அப்பா கேட்டார்னா, 1959ல மேற்கு ஜெர்மனி உதவியோட சென்னை ஐஐடி வந்தப்ப கை கொடுத்த யுனிவர்சிட்டிகள்ல ஆகனும் ஒண்ணுன்னு சொல்லு, அதுக்கு மேல பேச மாட்டார். ஸ்டுட்கார்ட்ல கார் கம்பெனி இருக்கறது வாஸ்தவம், மெர்சிடிஸ், போர்ஷ், போஷ் எல்லாம் அங்கதான். அதே போஷ் ஆள் குறைப்பு அறிவிச்சுட்டு இருக்கற காலம் இது. உன் சீனியர் எந்த வருஷத்துல வேலை வாங்கினார்னு கேளு.

இதெல்லாம் எங்க வேணா கிடைக்கும், எவன் வேணா சொல்லுவான். உன் கடிதத்துல என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி வேற. "ரெண்டு அரியர் இருந்துச்சு, க்ளியர் பண்ணிட்டேன்." எவ்வளவு சாதாரணமா எழுதிட்டுப் போற. உன்னைக் குத்தம் சொல்லல, நம்ம ஊர்ல அது சாதாரணம்தான். இந்த செமஸ்டர் போனா அடுத்த செமஸ்டர், அதுவும் போனா அதுக்கடுத்தது, கடைசி வருஷத்துல மொத்தமா உக்காந்து அடிச்சிடலாம்னு ஒரு தைரியம், அதோட இன்டர்னல் மார்க் வேற கை கொடுக்கும். இந்த அரியர் மனசோட ஃப்ளைட் ஏறினவன்தான் அந்த நாமக்கல் பையன்.

அங்க கதையே வேற. நிறைய யுனிவர்சிட்டில ஒரு பாடத்துக்கு மூணே தடவை. ஆகன்லயும் அந்தக் கணக்குதான். இன்டர்னல், அட்டெண்டன்ஸ் மார்க் எதுவும் பெருசா கிடையாது, செமஸ்டர் முழுக்க நீ வகுப்புக்கு வந்தியா வரலியான்னு எவனும் கேக்க மாட்டான், கடைசில ரெண்டு மணி நேர பரீட்சை ஒண்ணு, அதுதான் உன் மொத்த கிரேடு. 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பேர் கொடுத்துட்டு போகாம இருந்தாலும் 5.0, ஒரு தடவை காலி, டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தாத்தான் தப்பிக்கலாம். பேரை வாபஸ் வாங்க ஒரு கடைசித் தேதி இருக்கும், அதைத் தாண்டிட்டா நீதான் பொறுப்பு. மூணாவதும் போனா சில இடத்துல வாய்மொழியா ஒரு சான்ஸ் குடுப்பாங்க, அதுல தேறினா கிரேடு 4.0 மட்டும்தான். அதுவும் போச்சுன்னா பேரை எடுத்துடுவாங்க, அதே படிப்பை ஜெர்மனில வேற யுனிவர்சிட்டில தொடரவும் பெரும்பாலும் கதவு சாத்திதான் இருக்கும். ஒண்ணேகால் வருஷம் படிச்சு மத்த எல்லாத்துலயும் நல்ல கிரேடு வாங்கிருந்தாலும் அப்படித்தான். முனிக்ல தடவைக் கணக்கு கிடையாது, அதுக்குப் பதிலா இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள இத்தனை கிரெடிட் எடுத்திருக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்க. பாத்தியா, உன் மூணு அட்மிட்டுக்கும் நடுவுல நிஜமான வித்தியாசம் எங்க இருக்குன்னு? உன் அப்பா பாத்த லிஸ்ட்ல இது வருதா?

நான் படிச்ச காலத்துல என் பக்கத்து ரூம்ல திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் இருந்தான். ராத்திரி பூரா படிப்பான், ஒரு பாடத்துல ரெண்டு தடவை போயிடுச்சு. ரிசல்ட்டுக்கு அப்புறம் திருத்தின பேப்பரை நேர்ல போய் பாக்க ஒரு நாள் குடுப்பாங்க, ஐன்ஸிஷ்ட்னு பேர். நம்ம ஊர்ல ஜெராக்ஸுக்கு ஒரு காசு, ரீவேல்யூஷனுக்கு ஒரு காசு கட்டி வாசல்லயே நிக்கற மாதிரி இல்ல, திருத்தினவர் எதிர்லயே உக்காந்து கேக்கலாம். முதல் தடவை இவன் போகவே இல்ல. ப்ரொஃபசர் என்ன நினைப்பாரோன்னு பயம். ரெண்டாவது தடவை நான்தான் இழுத்துட்டுப் போனேன். பேப்பரைப் பிரிச்சா அப்படி ஒரு அழகு. ஸ்கேல் வச்சு மார்ஜின், தலைப்புக்கு அடில கோடு, முதல்ல டெஃபனிஷன், அப்புறம் பென்சில்ல ஷேடிங் போட்ட டயக்ராம், அட்வான்டேஜஸ் அஞ்சு, டிஸ்அட்வான்டேஜஸ் மூணு. நம்ம பதினாறு மார்க் கேள்வி இருக்கே, அச்சு அசல் அது. திருத்தினவர் பிஎச்டி பண்ற சின்னப் பையன், பக்கம் பக்கமா புரட்டிட்டு, "இது எல்லாமே சரி, ஆனா இதை நாங்க கேக்கலையே"ன்னார். கேட்டது ஒரு பேலன்ஸ் ஈக்குவேஷன். அது கடைசிப் பக்கத்துல பாதில நிக்குது, நேரம் முடிஞ்சிருச்சு. மார்க் மொத்தம் அந்த ஸ்டெப்ஸுக்குத்தான். அன்னிக்கு ரூமுக்கு வந்து ஸ்கேலைத் தூக்கிப் போட்டவன் மூணாவது தடவை 2.7 வாங்கினான். இப்ப அந்த ஊர்லயே டீம் லீடா இருக்கான், இன்னும் எனக்கு பொங்கலுக்கு போன் பண்ணுவான். நாமக்கல் பையன் மூணு தடவைல ஒரு தடவை கூட ஐன்ஸிஷ்டுக்குப் போகல. கேட்டா, போனா மார்க் போடுவாங்களான்னு என்னையே திருப்பிக் கேக்கறான்.

எங்க விட்டேன்? ஆமா, எதை எடுக்கறதுன்னு கேட்ட. காமாஸ் நல்ல கோர்ஸ், கன்டினியம் மெக்கானிக்ஸும் நியூமெரிக்கல் மெத்தட்ஸும்தான் அதோட உயிர், அதாவது கணக்கு, கணக்கு, மேல மேல கணக்கு. உன் அரியர் ரெண்டும் எதுல? மேத்ஸ்ல. போகாதன்னு சொல்லல, அந்த ரெண்டு பேப்பரும் ஏன் போச்சுன்னு உனக்கே தெரியுமான்னு கேக்கறேன். உடம்பு சரியில்லாம போச்சா, வாத்தியார் சரியில்லையா, நிஜமாவே ஏறலையா. கடைசி காரணம்னா ஸ்டுட்கார்ட் வேண்டாம், சீனியர் என்ன சொன்னாலும். அப்பாவுக்கு லோன் போட்டு திரும்பக் கட்ட நிலமோ வேற வருமானமோ இருக்கான்னு நீ சொல்லல, இல்லன்னா முனிக்கையும் விட்டுடு.

இந்த வாரம் ஒரு வேலை செய். மூணு கோர்ஸுக்கும் பாடங்களோட விவரம் இருக்கற மாடுல்ஹான்ட்புக்னு ஒரு பிடிஎஃப், பரீட்சை விதிகள் இருக்கற ப்ரூஃபுங்ஸ்ஆர்ட்னுங்னு இன்னொரு பிடிஎஃப் அவங்க சைட்டுலயே சும்மா கிடக்கும், ரெண்டாவது ஜெர்மன்ல இருந்தா ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டாவது படி. எது கட்டாயப் பாடம், எது நீயே எடுத்துக்கறது, எத்தனை தடவை எழுதலாம், பேரை எப்ப வரைக்கும் வாபஸ் வாங்கலாம், இதை ஒரு பேப்பர்ல எழுது. தானா எடுக்கற பாடத்துல சறுக்கினா நிறைய இடத்துல வேற பாடம் மாத்திக்கலாம், கட்டாயப் பாடத்துல அந்தப் பேச்சே இல்ல, அதனால கட்டாய லிஸ்ட்டைத்தான் ரெண்டு தடவை பாக்கணும். ஏபிஎஸ்ங்கற சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, விசா அப்பாயின்ட்மென்ட், எத்தனை பெட்டி கொண்டு போகலாம்ங்கறதெல்லாம் என்கிட்ட கேக்காத, அதுக்கு வாட்ஸப் குரூப் ஆயிரம் இருக்கு.

எழுதின பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பு, அதைப் பாத்துட்டுத்தான் அடுத்த பதில். ஆகன் அட்மிட் லெட்டர்ல ஃபீஸ்னு எங்கயாவது போட்டிருக்கான்னு மட்டும் இன்னிக்கு ராத்திரியே பாத்துடு, சம்மதம் சொல்ற கடைசித் தேதி அதுலயேதான் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்