அந்தச் சராசரிக் குழந்தை எங்கே இருக்கிறது?

அன்புள்ள அக்கா,

என் மகளுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது. எடை 7.7 கிலோ. போனில் இருக்கும் ஆப்பில் போட்டால் "சராசரியை விட 1.2 கிலோ குறைவு" என்று சிவப்பில் காட்டுகிறது. பிறக்கும்போது 2.6, ஆறாம் மாதம் 6.2, ஒன்பதாம் மாதம் 7.1. நன்றாக விளையாடுகிறாள், பிடித்துக்கொண்டு நடக்கிறாள், காய்ச்சல் சளி என்று பெரிதாகப் படுத்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பிள்ளை என்ன இப்படி இருக்கு, ஒழுங்கா ஊட்டுறதில்லையா" என்கிறார்கள். நாத்தனார் மகனுக்கும் இதே வயதுதான், 10 கிலோ இருக்கிறான். இப்போது ஒவ்வொரு வேளையும் கையைக் காலைப் பிடித்து ஊட்டுகிறேன், பாதி நாள் வாந்தி எடுத்துவிடுகிறாள், நானும் சேர்ந்து அழுகிறேன். அங்கன்வாடி டீச்சர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். யாரை நம்புவது? அந்தச் சராசரிக் குழந்தையை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் போல இருக்கிறது.

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

கையைக் காலைப் பிடித்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிற குழந்தை, வயிறு நிறைந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறது. அதைக் கேட்காமல் திணித்தால் உள்ளே போனதும் வெளியே வருகிறது, கிண்ணத்தைக் கண்டாலே அழுகிறது, கடைசியில் முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறது.

இப்போது அந்த 1.2 கிலோவுக்கு வருகிறேன். உங்கள் ஆப் சராசரி என்று சொல்வது, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையின் நடுக்கோடு. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு அது 8.9 கிலோ. நன்றாக வளரும், நோயில்லாத நூறு பெண் குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் வருகிற எடை அது. அப்படியென்றால் அந்த நூறு பேரில் ஐம்பது பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், இருந்தே ஆக வேண்டும், எல்லோருமே ஆரோக்கியமானவர்களாக இருந்தாலும்! இந்த ஆப் அவர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்பு எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மகள் அந்த வரிசையில் கீழிருந்து பத்தாவது இடத்தை ஒட்டி நிற்கிறாள். அங்கன்வாடி அட்டையில் பச்சைப் பட்டை 7 கிலோ வரைக்கும் நீள்கிறது, அதற்குக் கீழே போனால்தான் மஞ்சள். டீச்சர் பார்த்துச் சொன்னது அதைத்தான். நாத்தனார் மகனோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள், ஆண் குழந்தைகளுக்கு அட்டவணையே வேறு, அதன் நடுக்கோடு ஒரு வயதில் 9.6.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்தது நீங்கள் சும்மா சேர்த்து எழுதிய மற்ற மூன்று எண்கள். 2.6, 6.2, 7.1. இந்த மூன்றையும் அட்டவணையில் புள்ளி வைத்துப் பாருங்கள், மூன்றுமே ஏறக்குறைய அதே பத்தாவது இடத்தை ஒட்டித்தான் விழுகின்றன. அவள் சிறியதாகப் பிறந்தாள், தனக்கென்று ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டாள், அதைவிட்டு இறங்கவில்லை. ஒரு வயதில் பிறந்த எடை மூன்று மடங்காக வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 2.6-ஐ மூன்றால் பெருக்கினால் 7.8, உங்கள் மகள் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறாள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இது குழந்தையை அவளுடைய சொந்தத் தொடக்கத்தோடு ஒப்பிடுகிறது, ஊரோடு இல்லை.

சராசரி என்று ஒன்று சொன்னால் யாருடைய சராசரி என்று உடனே கேட்க வேண்டும். 2006-க்கு முன்னால் உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் புழக்கத்தில் இருந்தது 1977-இல் அமெரிக்காவில் தயாரித்த அட்டவணை. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு ஊரை ஒட்டி நடந்த நீண்டகால ஆய்வில் இருந்து வந்தது. அந்தக் குழந்தைகள் வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை முதல் சில மாதங்கள் வேகமாக ஏறி, அப்புறம் புட்டிப்பால் குழந்தையைவிட மெதுவாக எடை போடும். அது அதன் இயல்பு. ஆனால் அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால் நான்காம் ஐந்தாம் மாதத்தில் கோடு சரிவதுபோலத் தெரியும். நன்றாக இருந்த குழந்தைகளின் அம்மாக்களிடம் "உன் பால் போதவில்லை, பவுடர் பால் சேர்" என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. தண்ணீர் சுத்தமில்லாத ஊர்களில் புட்டி என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊர்க் குழந்தைகளின் சராசரி எங்கெங்கோ இருந்த தாய்மார்களின் தன்னம்பிக்கையைக் கெடுத்தது, எனக்கு இது சாதாரணப் புள்ளிவிவரப் பிழையாகப் படவில்லை. பிறகு பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்துதான் இப்போதைய அட்டவணை வந்தது. நம் நாட்டில் தெற்கு டெல்லியில் அளந்தார்கள்.

சரி, நல்ல அட்டவணை வந்துவிட்டது, இனி அந்தச் சராசரிக் குழந்தையைப் பார்த்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. அட்டவணையில் இருக்கிற கோடு வழவழவென்று வளைந்து போகிறதே, அந்த மாதிரி எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. மிஷெல் லாம்பிள் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கைக்குழந்தைகளின் நீளத்தை அடிக்கடி, சிலரைத் தினமும்கூட, அளந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது, பிறகு ஒரே நாளில் அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீண்டுவிடும் என்று அவர் கண்டார். அந்தத் தாவல்கள் அவ்வளவு கூர்மையானவைதானா என்று பிறகு ஆய்வாளர்களுக்குள் வாதம் நடந்தது, ஆனால் குழந்தை சீராக வளர்வதில்லை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் நிறுத்தங்களையும் தாவல்களையும் ஒன்றாகக் கலந்தால்தான் அந்த வழவழப்பு வருகிறது. பருவ வயதில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு பெண் பத்து வயதில் விறுவிறுவென்று உயர்கிறாள், இன்னொருத்தி பதின்மூன்றில். இருவருக்கும் அந்த வருடம் செங்குத்தான ஏற்றம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பத்தில் இருந்து பதின்மூன்று வரை நீளும் மெதுவான மேடு ஒன்று கிடைக்கிறது, அந்த இருவரில் யாருமே அப்படி வளரவில்லை.

உங்கள் கேள்வியை நிஜமாகவே சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். 1950-ஐ ஒட்டி அமெரிக்க விமானப்படையில் ஓட்டுநர் அறை உடம்புக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பிரச்சினை. சராசரி விமானி இப்போது பெரிதாகிவிட்டான் போல, புதிதாக அளந்து அறையை மாற்றிவிடலாம் என்று நினைத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவாக இருக்கும் முப்பது சதவீதத்துக்குள் வருகிறவரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் அவர்கள் உடல் அளவு பார்த்துப் படையில் சேர்க்கப்பட்டவர்கள். கை நீளமாக இருப்பவருக்குக் கால் குட்டையாக இருக்கிறது, மார்பு அகன்றவருக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. உடம்பின் அளவுகள் ஒன்றையொன்று அவ்வளவு கறாராகப் பின்தொடர்வதில்லை. விமானப்படை புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது, இருக்கையையும் மிதியையும் பட்டைகளையும் ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்தி வைக்கிற மாதிரி மாற்றச் சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டு அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது எனக்குப் பெரிய பயம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதம் பேர் வயதுக்குரிய எடை இல்லாதவர்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவும், எந்த மாவட்டத்துக்கு முட்டையும் சத்துமாவும் கூடுதலாகப் போக வேண்டும் என்று முடிவெடுக்கவும் இதே அட்டவணைதான் வேண்டும். கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது சராசரி உண்மையைச் சொல்கிறது. உங்கள் மகளைப் பற்றி அது சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். அதே கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. கொழுகொழுவென்று 10 கிலோ இருக்கிற பிள்ளைக்கும் அது இருக்கலாம், எடை மிஷினுக்கு அது தெரியாது. அதனால் எடையைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியையாவது, கீரையும் பருப்பும் முட்டையும் போகிறதா, இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதில் செலவிடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை, ஆகவே மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் எடை ஏறவே இல்லை என்றால், அல்லது இருக்கிற எடையே குறைந்தால், அல்லது இதுவரை பிடித்துவந்த தடத்தைவிட்டுப் புள்ளி கீழே கீழே போனால், அல்லது சோர்ந்து விளையாட்டைக் குறைத்துக்கொண்டால், காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். இது நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிற குழந்தைக்கும் பொருந்தும். ஒரு வயதில் 10.5 கிலோ இருந்த குழந்தை மூன்று மாதம் கழித்தும் அதே 10.5-இல் நின்றால் ஆப் பச்சையாகத்தான் காட்டும், ஆனால் அந்த அம்மாதான் இன்றைக்கு உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவர். அடுத்த முறை எடை பார்க்கும்போது நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், எடையை நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் மெலிவா, சிறிய உடல்வாகா என்று பிரிக்க முடியும்.

யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். டீச்சரை நம்புங்கள், அவர் உங்கள் மகளை மாதாமாதம் தூக்கித் தராசில் வைக்கிறவர். ஆப்பை அழித்துவிடுங்கள். நாத்தனார் கேட்டால் அட்டையைக் காட்டி அந்த நான்கு புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். பதினைந்தாம் மாதம் எடையும் நீளமும் பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.