எண் அதுவேதான், சிம் மட்டும் வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் நால்வரும் ஒரே நிறுவனத்தின் சிம்தான் வைத்திருந்தோம். இரண்டே ஆண்டுகளில் கணவர், மகன், மருமகள் மூவரும் ஆளுக்கொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு ஏன் மாறுகிறார்கள்? நானும் மாறலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: மாற வேண்டும் என்ற எண்ணத்தைக் கட்டணம் கிளப்பிவிடும், மாறிய இடத்தில் தங்குவதா என்பதை சிக்னல்தான் தீர்மானிக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அந்நிறுவனத்தின் எண்ணிக்கை மறுபடியும் குறையத் தொடங்கிவிட்டது.

வங்கியின் ஓ.டி.பி. வருவதற்காக மொட்டை மாடிக்குப் படியேறி, அது வந்ததும் கீழே இறங்கி வந்து பார்த்தால் அதற்கான நேரம் முடிந்திருக்கும். இப்படி நான்கு முறை ஏறி இறங்கியவருக்கு மாதம் இருபது ரூபாய் மிச்சம் என்பது ஒரு பொருட்டே அல்ல. ஒரே தெருவில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் சமையலறை வரை வருவதற்கும் இன்னொன்று வாசலோடு நின்றுவிடுவதற்கும் கோபுரத்தின் தூரம் மட்டும் காரணமல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைக் கடந்து உள்ளே வரும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்தவை கான்கிரீட்டில் பெருமளவு வலுவிழந்துவிடும். ஆகவே ஊர் முழுக்கப் புகழும் நிறுவனம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராமல் போகலாம். உங்களுக்கு ஒரு வசதி, மூன்று நிறுவனங்களின் சிம்மும் வீட்டிலேயே இருக்கின்றன. நீங்கள் அதிகம் புழங்கும் அறையில் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தை நம்புவதைவிட இது மேல்.

புகார் சொன்னால் கேட்க ஆளில்லை என்ற கோபத்தில் மாறுகிறவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதே என்றாலும், புதிய இடத்திலும் முதலில் எடுத்துப் பேசுவது பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட குரல்தான். 28 நாள் கணக்கும் ஓர் எரிச்சல். ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

விரும்பாமலே மாறியவர்களும் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை முடங்கியபோது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டைப் பெறக்கூட சிக்னல் கிடைக்காமல் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் திண்டாடியது உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

எண்ணை இழக்காமல் மாறும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் உறவினர், வங்கி, எரிவாயு முகவர் என எல்லோரிடமும் புது எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்ற தயக்கமே பலரைப் பழைய இடத்தில் கட்டிப்போட்டிருந்தது.

நீங்கள் தாராளமாக மாறலாம். ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால், கையோடு அடையாள ஆவணத்தை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டுக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாட்கள் ஆகும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைவடைந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். பழைய கணக்கில் மீதமுள்ள தொகையும் டேட்டாவும் உங்களோடு வராது என்பதால், இப்போதைய ரீசார்ஜ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது குறியீட்டைக் கேளுங்கள்.