தேத்தண்ணியும் இரும்புக் குளிசையும் ஒன்றாக வேண்டாம்

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 38. ஹீமோகுளோபின் 9.4 என்று கிளினிக்கில் இரும்புக் குளிசை தந்தார்கள். காலையில் ரொட்டி சாப்பிட்டு, பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி) குடித்த கையோடு போடுகிறேன். இரண்டு மாதமாகியும் களைப்புப் போகவில்லை. நாளொன்றுக்கு ஆறு பிளேன்டி குடிப்பேன். தேயிலையிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற தாவரப் பொருள் இதயத்துக்கு நல்லதென்று மகன் கிரீன் டீ குளிசை வாங்கி அனுப்பியிருக்கிறான். எடுக்கலாமா?

பதில்: கிரீன் டீ குளிசை வேண்டாம். தேத்தண்ணியை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றுங்கள்.

பச்சைக் கொழுந்தில் இருப்பது கேட்டச்சின் என்ற ஃபிளேவனாய்டு. ஃபெக்டரியில் உருட்டிக் காற்றுப்பட விடும்போது அது தியாஃபிளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாறுகிறது. பிளேன்டியின் சிவந்த சாயம் அவைதான். இவை குடலில் ரொட்டி, கீரை, பருப்பின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் அது இரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். குளிசையின் இரும்புக்கும் இதே கதிதான். சாயம் கடுமையாக இருந்தால் இழப்பும் கூடும். இறைச்சி, மீனின் இரும்பு அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

ஆகவே, எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குளிசையைப் போட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். விடியற்காலையில் தேத்தண்ணி இல்லாமல் முடியாதென்றால், இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் சென்று, படுக்கப்போகும்போது போடலாம். வயிறு எரிந்தால் சோற்றோடு போடுங்கள், ஆனால் அந்த வேளையில் தேத்தண்ணி, பால், கல்சியக் குளிசை கூடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கொய்யாப்பழமோ, வல்லாரைச் சம்பலில் பிழிந்த தேசிக்காயோ இரும்பு சேர உதவும். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள், சூட்டில் விற்றமின் சி அழிந்துவிடும். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் ஆறு கோப்பைக்கு 50 கிராம் அளவு வரும். அதைப் பாதியாக்குங்கள்.

இதயத்துக்கு நல்லது என்பதில் உண்மை உண்டு, ஆனால் அளவோடுதான். அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த காஸ்மோஸ் ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால் (இதுவும் ஒருவகை ஃபிளேவனாய்டுதான்) கொடுத்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் குறிப்பிடும்படி குறையவில்லை. இதயநோய் மரணம் மட்டும் 27 வீதம் குறைவாக இருந்தது. மருந்தாகவே பயன்படும் ஃபிளேவனாய்டும் இருக்கிறது: மூலத்துக்கும் கால் நரம்புச் சுருளுக்கும் டயோஸ்மின் தருகிறோம்.

கிரீன் டீ குளிசையில் சாறு செறிவாக இருக்கும். அதிலுள்ள ஈஜீசீஜீ என்ற கேட்டச்சின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தாண்டினால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. ஃபிளேவனாய்டு வேண்டுமானால் வெங்காயம் போதும். அதிலுள்ள குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு வெளி அடுக்குகளில்தான் அதிகம், தோலோடு சேர்த்து இரண்டு மூன்று அடுக்கை உரித்தெறியாதீர்கள். அவித்த தண்ணீரைக் கொட்டினால் அதுவும் போய்விடும், பச்சையாகச் சம்பலில் சேர்ப்பது நல்லது.

நேரத்தை மாற்றி நான்கு கிழமைக்குப் பிறகு இரத்தத்தைப் பாருங்கள், ஹீமோகுளோபின் 2 புள்ளி (9.4 என்றால் 11.4 அளவுக்கு) ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாதவிடாய்ப் போக்கு அதிகமா, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோட்டங்களில் இவை இரண்டும் அடிக்கடி தவறவிடப்படுகின்றன. இரும்பு போடும்போது மலம் கறுப்பது வழமை, அதற்காக நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மலையேறும்போது நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.