குக்கரில் முழுதானியம்: கேளுங்கள், சொல்கிறோம்

கருப்புக் கவுனி அரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, பத்து விசில் விட்டேன். மேலே வெந்த மாதிரி இருக்கிறது. கடித்தால் நடுவில் நறுக்கென்கிறது. இன்னும் எத்தனை விசில் விடவேண்டும்?
*வாசகி, திண்டுக்கல்*

முதலில் விசில் கணக்கை விட்டுவிடுங்கள். பெரிய பர்னரில் தீயைக் கூட்டி வைத்தால் நிமிடத்துக்கு ஒரு விசில்கூட வரும். பத்து விசில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். அதே குக்கரை சிம்மில் வைத்தால் பத்து விசிலுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். தீட்டிய பொன்னி அரிசி சீக்கிரம் வெந்துவிடுவதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. கவுனியில் தவிடு அப்படியே இருக்கிறது. அந்த நாரையும் எண்ணெய்ப் பசையையும் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். குக்கரில் முழு அழுத்தம் ஏறியதும் உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது. ஆவிதான் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். தண்ணீரும் வீண், கேஸும் வீண்.

உங்களுக்கு ஊறலும் போதவில்லை. கவுனிக்கு 8 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஊறியதா என்று பார்க்க ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே அழுத்துங்கள். நகம் இறங்கி மணி இரண்டாக உடைந்தால் சரி. வழுக்கிக்கொண்டு ஓடினால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அளவு இது: 1 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர். அரிசியை முதலிலேயே நன்றாகக் கழுவிவிட்டு, இந்த 3 கப்பிலேயே ஊறப்போடுங்கள். ஊதா நிறச் சத்து இறங்கிய அந்தத் தண்ணீரிலேயே வேகட்டும். முதல் விசில் வரும்வரை தீ பெரிதாக இருக்கலாம். வந்ததும் சிம்முக்கு மாற்றி, கடிகாரத்தைப் பார்த்து 25 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். அழுத்தம் தானாக இறங்க ஆகும் 10, 15 நிமிடமும் வேகும் நேரம்தான். குக்கருக்குள் தனிப் பாத்திரம் வைத்து வேகவைப்பவர்கள் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடியில் 3 கப் தண்ணீராவது இருக்கவேண்டும். அடித்தண்ணீர் வற்றினால் சேஃப்டி வால்வு உருகிவிடும்.

மூடியைத் திறந்ததும் ஒரு மணியைத் தட்டில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அரை கப் கொதிநீர் ஊற்றி மறுபடி மூடி, சிம்மில் 10 நிமிடம் வைத்தால் தேறிவிடும். உங்களிடம் இப்போது இருப்பதையும் இப்படியே காப்பாற்றலாம். செட்டிநாட்டுக் கவுனி இனிப்பு செய்வதாக இருந்தால் தண்ணீர் 4 கப். சர்க்கரையை அரிசி பஞ்சாக வெந்த பிறகே சேர்க்கவேண்டும். முன்னாலேயே போட்டால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும், அரிசி விறைத்தே நிற்கும்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே முறைதான், தண்ணீர் மட்டும் அரை கப் கூடுதல். காட்டுயானம் இன்னும் கெட்டி. 5 நிமிடம் சேர்த்து வையுங்கள்.

தினை, சாமை இரண்டுமே எனக்குக் களியாகிவிடுகிறது. பாக்கெட்டில் போட்டிருக்கிற 1:3 அளவில்தான் தண்ணீர் வைக்கிறேன்.
*வாசகர், பல்லடம்*

அந்த அளவு திறந்த பாத்திரத்துக்குப் பொருந்தும். அதில் ஒரு பங்கு ஆவியாகவே போய்விடும். குக்கரில் அவ்வளவு போகாது. உமி நீக்கிய தினை, சாமை, குதிரைவாலி எதுவானாலும் 1 கப்புக்கு 2 கப் போதும். கல் அரித்து, 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு இரண்டு கப்பை அளந்து ஊற்றுங்கள். இவை சின்ன மணிகள். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 3 நிமிடத்தில் வெந்துவிடும். திறந்த சூட்டோடு கரண்டியால் கிளறினால் பாதி களியாகிவிடும். பத்து நிமிடம் அப்படியே விட்டு, அகலமான தட்டில் கொட்டி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஆறவையுங்கள்.

முழுக் கம்பு வைத்தால் வெயிட் வழியாக நுரையும் கஞ்சியுமாகப் பீய்ச்சி அடுப்பெல்லாம் வழிகிறது. விசிலும் ஒழுங்காக வருவதில்லை.
*வாசகி, விருதுநகர்*

இதை அலட்சியமாக விடவே கூடாது. கஞ்சியும் தவிட்டுத் தூளும் வெயிட் உட்காரும் குழாயில் போய் அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் போகும். குக்கர் சூடாக இருந்தும் விசில் வரவில்லை என்றால் அடுப்பை அணைத்து, முழுக்க ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்திக் கழுவுங்கள். சமைக்கும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பது நல்லது.

நுரையைக் குறைக்க வழி உண்டு. கம்பைக் கைகளால் தேய்த்து நாலைந்து தண்ணீரில் கழுவினால் மிதக்கும் தவிடு போய்விடும். 8 மணி நேரம் ஊறவைத்து, 1 கப்புக்கு 3 கப் தண்ணீர் ஊற்றி, முதலில் மூடாமல் நாலு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தானியமும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மூடி போட்டு, குழாயில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட்டைப் போட்டு, விசில் வந்ததும் சிம்மில் 30 நிமிடம். வெள்ளைச் சோளமும் இப்படித்தான், 40 நிமிடம் ஆகும்.

ஒன்று சொல்லவேண்டும். இப்படி வெந்த முழுக் கம்பு சுண்டலுக்கு நன்றாக இருக்கும், கூழுக்குச் சேராது. உரலில் குத்திப் புடைத்து உடைத்த கம்பில்தான் கூழ் சேர்ந்து வரும். உரல் இல்லையென்றால் கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் கழித்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் புடையுங்கள். அந்த நொய்க்கு 4 கப் தண்ணீர், பத்தே நிமிடம்.

நாங்கள் இருப்பது ஊட்டி. கீழே எடுக்கும் நேரம் இங்கே போதவில்லையே?
*வாசகர், உதகமண்டலம்*

போதாதுதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரும் 120க்குப் பதில் 116 டிகிரி அளவில்தான் நிற்கும். மேலே சொன்ன நேரங்களில் கால் பங்கு கூட்டுங்கள்: 25 நிமிடம் என்றால் 31.

வாங்கிவந்த வரகில் லேசாகப் பூஞ்சை வாடை. குக்கர் சூட்டில் சரியாகிவிடுமா?
*வாசகி, பெரம்பலூர்*

ஆகாது. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் கழுவினாலும் அதை நம்பிச் சாப்பிட முடியாது. அந்த வரகைக் கோழிக்கோ மாட்டுக்கோ வைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.