பணமும் அந்தஸ்தும் ஒருவரின் அடையாளத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். அம்மா ஒரு செட்டியார் வீட்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அந்த வீட்டை வைத்துத்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பணம் வரும், போகும். அந்தஸ்து அந்த வேகத்தில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. நான் பார்த்தது இதைத்தான்.

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவே வளவு என்கிற முற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். கதவுகளை எல்லாம் திறந்து வைத்தால் முகப்பில் நின்றபடியே பின் தெருவில் போகிற மாட்டைப் பார்க்கலாம். பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் படம் எடுப்பார்கள். எனக்கு அந்த வீடு பின்வாசலில்தான் தொடங்கும். கணக்கப்பிள்ளை முகப்புத் திண்ணையில் உட்காருவார். சமையல்காரர் இரண்டாங்கட்டு வரை வருவார். அம்மாவுக்குப் பின்கட்டும் கிணற்றடியும். யாருக்கு எதுவரை என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, ஐந்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டுப் பேரனுக்கு எட்டு வயது. அவன் என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அம்மா அவனை "வாங்க, போங்க" என்பார்.

கல்யாணமோ, முன்னோரைக் கும்பிடுகிற படைப்போ வந்தால் சாமான் அறையைத் திறப்பார்கள். அண்டா, கங்காளம், தவலை, குடம் எல்லாம் கிணற்றடிக்கு வரும். புளியும் செங்கல் பொடியும் போட்டு அம்மா நாள் முழுக்கத் துலக்குவார். சாயந்திரம் பார்த்தால் நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். ஒவ்வொரு பாத்திரத்திலும் அந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். தாத்தா, அப்பா என்று வரிசையாகத் தலைப்பெழுத்துகள், கடைசியில் பேர். பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த விலாசத்தைத்தான். கழுவிக் கவிழ்த்த அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து படிப்பேன்.

அந்த விலாசத்துக்கு உள்ளேயும் மேடு பள்ளம் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் எல்லாருமே முதலாளிகள் இல்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் ஏராளம். அந்த வீட்டு எஜமானியை ஆச்சி என்போம். ஆச்சியின் மாமனார் அப்படி மேலாளாக இருந்து பிறகு சொந்தமாக லேவாதேவி தொடங்கியவராம். 1930-இல் நெல் விலை சரிந்ததும் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தது, உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் ஊரில் வீடு மட்டும்தான் மிச்சம்.

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் ஆச்சி வீட்டில் ரொக்கம் கிடையாது. அது ஊருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருந்து பழைய சாமான் வாங்குகிறவர் விடிவதற்கு முன்பே வருவார், பின்வாசல் வழியாக. மங்கு என்கிற பீங்கான் சாமான், இனாமல் அடுக்கு, பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாகப் போனது. அம்மாதான் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார். தான் துலக்கிய பாத்திரம் எந்த மாதம் எது போனது என்று அம்மாவால் சொல்ல முடியும். ஆனால் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. விடிந்தால் ஆச்சி அதே பட்டுக்கரைச் சேலையோடு வளவில் உட்கார்ந்திருப்பார், தெருவில் போகிறவர்கள் அதே மரியாதையோடு கும்பிட்டுப் போவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அதை விட்டுவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகும். எங்களுக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள். கொட்டகையில் சாணி அள்ள வரும் பெண்மணி பின்வாசல் படியைக் கூடத் தாண்டமாட்டார். அவருக்குக் கஞ்சியைத் தூக்கி ஊற்றியது என் அம்மா. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. கல்லூரியில் இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தெருவில் சாமான் அறை நிறையப் பித்தளை, எட்டுகிற தூரத்தில் இன்னொரு தெருவில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தால் குற்றம். இதை அம்மாவிடம் சொன்னேன். "எங்க அம்மா சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் காரைக்குடியில் படித்தேன். வள்ளல் அழகப்பர், அவரும் ஒரு செட்டியார்தான், 1947-இல் அங்கே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் பேரைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். என் தெருவில் இருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கல்லூரி இருந்ததால்தான் அது நடந்தது.

வங்கியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்கப் போனோம். பேர் வெட்டுகிறவர் உளியை எடுத்துக்கொண்டு, "யார் வீடும்மா?" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. "பெரிய வீடு" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் அம்மா பேரை வெட்டச் சொன்னேன். அந்தக் குடத்தில் அம்மா ஒரு நாளும் தண்ணீர் எடுத்ததில்லை. துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கூட, சம்பளத்தைக் கேட்டுச் சரி என்றவர்கள் "பெரிய வீட்டுல பாத்திரம் தேச்சவுக மகளா?" என்று தெரிந்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு இடத்தில் இப்படி நடந்தது.

போன வருடம் காரைக்குடியில் வீடு கட்டினோம். ஆச்சியை அழைக்க அம்மாவும் நானும் பத்திரிகை, பழத்தட்டோடு போனோம். கார் முகப்புத் தெருவில்தான் நின்றது. இறங்கியதும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சந்து வழியாகப் பின் தெருவுக்கு நடந்துவிட்டோம். பாதி வழியில் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய் முகப்பு வழியாகத்தான் போக வேண்டும் என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தேன். முகப்புக் கதவில் பூட்டு. அதில் தூசி ஏறிக் கிடந்தது. மறுபடியும் பின்வாசலுக்கே போனோம்.

"முகப்புச் சாவி மெட்ராஸுல பங்காளி வீட்டுல இருக்கு. விசேஷத்துக்கு வந்தாத்தான் தொறப்பாக. நானே இப்படித்தான் போறேன் வாறேன்" என்றார் ஆச்சி. எண்பத்தேழு வயது. அந்தப் பெரிய வீட்டில் அவர் பங்குக்கு ஒரு அறையும் கொஞ்சம் பின்கட்டும்தான். அம்மா உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுகிற அதே கிணற்றடித் திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் கையால் தட்டிக் காட்டி, "உக்காருங்கடி ரெண்டு பேரும்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். "நீயும் உக்காரும்மா" என்றேன்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கிளம்பும் வரை நின்றார்.