2007 எரிமலைக் கல்லில் எதை அளக்கிறார்கள்?

கேள்வி: ரீயூனியனில் செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கிறோம். பள்ளி இறுதியாண்டு ஆய்வுக்காக, 2007 ஏப்ரலில் த்ரெம்ப்ளே அருகே கடலில் இறங்கிய எரிமலைக் குழம்பின் கல் ஒன்றை என் மகள் ஆய்வகத்துக்குக் கொடுக்க விரும்புகிறாள். எப்படிப்பட்ட கல்லை எடுப்பது? கதிரியக்கம் என்கிறார்களே, வீட்டில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். உங்கள் தீவின் எரிமலையான பித்தோன் த லா ஃபுர்னேஸ் கக்கும் பசால்ட் என்ற கறுப்புப் பாறையில் யுரேனியம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண கிரானைட்டில் இதைவிடப் பல மடங்கு உண்டு.

கல் உறைந்த ஆண்டு ஊருக்கே தெரியும். ஆய்வகம் தேடுவது அதற்கு முந்திய கதையை. ஆழத்தில் நெடுங்காலம் கலையாமல் கிடக்கும் பாறையில் யுரேனியம்-238, அதன் வழியில் வரும் தோரியம்-230, அதிலிருந்து பிறக்கும் ரேடியம்-226 மூன்றும் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் சிதைந்துகொண்டிருக்கும். பாறை மேலெழும்பி அழுத்தம் குறைந்ததும் அதில் ஒரு சிறு பகுதி உருகுகிறது. ரேடியம் எளிதாகக் குழம்போடு போய்விடும். யுரேனியத்தைக் கார்னெட் போன்ற கனிமங்கள் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது அந்தச் சமநிலை குலைகிறது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். குலைந்தது சீராக அதைப்போல் ஐந்து மடங்கு, சுமார் 8,000 ஆண்டுகள் போதும். ஃபுர்னேஸ் கற்களில் ரேடியம் இன்னும் மிகுந்தே இருக்கிறது. அப்படியானால் கடைசிக் குலைவு நடந்து 8,000 ஆண்டுகள் ஆகவில்லை. நிலவியலில் இது நேற்றைய செய்தி! அந்தக் குலைவு உருகும்போதே நடந்ததா, மேலேறும் வழியிலா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. அதனால்தான் சுமார் 75,000 ஆண்டு அரை ஆயுள் கொண்ட தோரியத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கல் தேர்வில்தான் கவனம் வேண்டும். கடலலை தெறிக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். கடல்நீரில் யுரேனியம்-234, யுரேனியம்-238ஐவிட ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகச் சிதைகிறது; உப்புநீர் ஊறிய கல்லில் இந்த இரண்டின் சிதைவு விகிதம் 1ஐத் தாண்டிவிடும், ஆய்வகமும் அதைத் தள்ளிவிடும். துருப்பிடித்த செம்மை, துளைகளில் வெண்படலம் இரண்டும் ஆகாது. உடைத்தால் உள்ளே கறுத்து, புதிதாய் மினுங்குவதே நல்ல கல். தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் அனுமதியின்றிக் கல் எடுக்கக் கூடாது என்பதால் முதலில் கேட்டுவிடுங்கள்.

எடுத்த இடத்தையும் குழம்பு வழிந்த ஆண்டையும் பையின் மேல் எழுதச் சொல்லுங்கள். 2007 கல்லுக்கு அந்த ஆண்டுக் கணக்கு பெரிதல்ல. சில நூற்றாண்டுப் பழமையான கல்லையும் அவள் ஒப்பிட எடுத்தால், உறைந்த பின் ரேடியம் குறைந்ததை அந்த ஆண்டை வைத்துத்தான் திருத்த முடியும்.