கேமரா படங்களில் ஒரே இடத்தில் புள்ளிகள் விழுகின்றன. கடையில் சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பகலில் எடுத்த படங்களில் வானத்தில் மங்கலான கறுப்புப் புள்ளிகள், இரவில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுத்தவற்றில் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். இரண்டுக்குமே பெரும்பாலும் சென்சாரை மாற்றத் தேவையில்லை. அதனால் கடையில் இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

கறுப்புப் புள்ளிகள் அநேகமாகத் தூசிதான். லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரை மிகச் சிறிதாக, எஃப் 22-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுங்கள். அப்புறம் துவாரத்தைப் பெரிதாக்கி எஃப் 4-இல் இன்னொன்று. முதல் படத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளி இரண்டாவதில் கரைந்துபோனால் அது தூசியேதான். தூசி உட்காருவது சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டின் மேல். சிறிய துவாரம் வழியாக வரும் ஒளி அதன் நிழலைக் கூர்மையாக விழவைக்கிறது. துவாரம் பெரிதானால் ஒளி பல கோணங்களில் வந்து நிழலை அழித்துவிடுகிறது. லென்ஸை மாற்றியும் எடுத்துப் பாருங்கள். புள்ளி இடம் மாறாது.

சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. ஆகவே படத்தில் மேலே தெரியும் தூசி சென்சாரில் கீழே இருக்கும். பேட்டரி முழுதாக இருக்கும்போது லென்ஸைக் கழற்றி, கேமராவின் கிளீனிங் மோடில் வைத்து, முகப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் வேலை இரட்டிப்பாகும். 2012-இல் வந்த நிக்கான் டி600 கேமராவில் புதிதிலேயே இப்படிப் புள்ளிகள் விழுந்து பெரிய புகாரானது. பிற்பாடு நிறுவனம் இலவசமாகச் சுத்தம் செய்து, ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. அங்கேயும் மாற்றியது ஷட்டரைத்தான், சென்சாரை அல்ல.

நிறப் பொட்டுகள் ஹாட் பிக்சல்கள். சென்சாரின் நுண்ணிய ஒளியுணர் புள்ளியான ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒளியே படாதபோதும் எல்லாப் பிக்சலிலும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சிலவற்றில் அது அதிகம். அந்தப் பிக்சல் தன் வடிகட்டியின் நிறத்தில் ஒளிர்ந்து நிற்கும். சென்சார் சூடாகச் சூடாகக் கசிவு வேகமாகக் கூடும், ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வெக்கையான இரவில் தொடர்ந்து எடுக்கும்போது பொட்டுகள் பெருகுவது இதனால்தான்.

லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் மறைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600-இல் 1/100 விநாடிக்கு ஒன்று, 30 விநாடிக்கு ஒன்று என்று ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுத்துப் பாருங்கள். 30 விநாடிப் படத்தில் மட்டும் பொட்டுகள் இருந்தால் கவலை வேண்டாம், புத்தம் புதிய கேமராவிலும் அவை வரும். மெனுவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டுவிட்டால், ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். 30 விநாடிப் படத்துக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1/100-இலும் பொட்டு நின்றால், கெட்ட பிக்சலைக் குறித்துக்கொண்டு பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பும் பிக்சல் மேப்பிங் செய்யலாம். ஒலிம்பஸ் போன்ற சில கேமராக்களில் அது மெனுவிலேயே உண்டு. மற்றவற்றுக்கு சர்வீஸ் சென்டரில் செய்து தருவார்கள்.

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கக்கூடிய இடமும் ஒன்று உண்டு. படத்தின் குறுக்கேயோ நெடுக்கேயோ ஒரு கோடு, வெளிச்சம் எப்படி இருந்தாலும், அதே வரிசையில் வந்துகொண்டே இருந்தால் சென்சாருக்கே அடிபட்டிருக்கலாம். மேடை லேசர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் இப்படி ஆகும். விளக்கொளியில் மட்டும் வரும் பட்டை பட்டையான கோடுகள் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் போய்விடும்.

கடைக்குத் திரும்பப் போவதானால் எஃப் 22 வானப் படத்தையும், மூடி போட்டு எடுத்த இரண்டு படங்களையும் கொண்டுபோய்க் காட்டி, இவற்றில் எதற்காக சென்சாரை மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.